மாப்பிள்ளைக்கு வாங்கிய கையெழுத்து பேட்

என் மாப்பிள்ளை என்னிடம் பேசுவதற்கு இரண்டே வாக்கியங்கள் வைத்திருந்தார். வந்ததும் "சாப்டீங்களா மாமா?" போகும்போது "கெளம்பறேன் மாமா." இடைப்பட்ட நேரமெல்லாம் போன். நல்ல பிள்ளைதான். நானும் நல்லவன்தான். இரண்டு நல்லவர்களும் ஒரே சோபாவில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மகளிடம் முறையிட்டேன். "அவருக்கு கிரிக்கெட்டுன்னா உசுருப்பா. பெரிய பிளேயருங்க கையெழுத்து போட்ட பால், கிளவுஸ்னு சேத்து வெச்சிருக்காரு. அதப் பத்தி பேச்செடுங்க, நிறுத்தவே மாட்டாரு" என்றாள். தலை தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மோதிரம் எல்லா மாமனாரும் போடுவார்கள். நான் கையெழுத்துப் போட்ட பேட் ஒன்றைக் கொடுத்து அவர் மனதில் இடம் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

கையெழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஓய்வு பெறும்வரை கீழ்பென்னாத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்த்தவன். ஒரு சுழி குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். மல்லாட்டைக் கடலை விற்ற பணத்தை எடுக்க வரும் விவசாயிகள் என் முகத்தைப் பார்த்துக் கை நடுங்கி, அதனாலேயே கையெழுத்து மாறி, அதனாலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். என்னை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வரவேண்டும் என்று நினைத்திருந்தேன். அவன் ஏற்கெனவே பிறந்து செங்கம் சாலையில் அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான்.

"பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தாரு சார். மூஞ்சில துண்டு கட்டிக்கினு நடந்தாரு, ஒருத்தருக்கும் தெரியல. நம்ம ரூம்லதான் காலு நீட்டிப் படுத்தாரு. போறப்போ கையெழுத்து போட்டுக் குடுத்தது இது" என்று ஒரு பேட்டை நீட்டினான். ஆட்டக்காரர் யார் என்று சொல்ல மாட்டேன், ஊரே சிரிக்கும். ஆனால் எங்கள் ஊரில் இந்தக் கதையை நம்பாமல் இருப்பது கஷ்டம். பௌர்ணமி கூட்டத்தில் யார் நடந்தாலும் நாம் பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகை மட்டும்தான்.

கேட்ட பணத்தைக் கொடுத்து வாங்கிவந்து, வீட்டில் முறைப்படி சோதித்தேன். வீடியோக்கள் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டுமாம், அச்சடித்ததாக இருந்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியுமாம். பார்த்தேன், தெரிந்தன. மரத்தின் இயல்பு என்று முடிவு கட்டினேன். போனில் தேடி எடுத்த அந்த ஆட்டக்காரரின் கையெழுத்துப் படத்தோடு ஒப்பிட்டேன். இம்மி பிசகவில்லை. எந்த மனிதனும் இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடமாட்டான் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு லென்ஸுக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்தது கையெழுத்தை அல்ல, தீபாவளியன்று மாப்பிள்ளையின் முகத்தை.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, லேப்டாப் வரிசையில் பேட்டையும் வைத்தேன்.

"அதுக்குப் பொட்டு வேணாங்க, கறை படியும்" என்றாள் மனைவி.

"கையெழுத்த சரஸ்வதிகிட்ட வெக்காம வேற யார்கிட்ட வெக்கறது?" என்று கேட்டுவிட்டு, சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, கையெழுத்தை ஒட்டினாற்போலப் பூசிக் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. குங்குமம் மட்டும் போகாமல், ஈரத்தில் பரவி, கையெழுத்தைச் சுற்றி நாலு பக்கமும் நூல் பிடித்ததுபோல் ஒரு சிவப்புக் கட்டமாக நின்றது. நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினேன்.

"என்னாங்க, கையெழுத்து உரியுது?" என்றாள் அவள்.

கையெழுத்தை அச்சடித்த, கண்ணுக்கே தெரியாத ஒரு கண்ணாடி ஸ்டிக்கர். அதன் ஓரத்துப் பசையில் குங்குமம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டு மூலையைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்றவனுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. போன பணத்துக்காக அல்ல. மாப்பிள்ளையிடம் பேச எனக்கு இருந்த ஒரே விஷயம் போய்விட்டதே என்று.

தீபாவளியன்று மோதிரம் போட்டேன். "தேங்க்ஸ் மாமா" என்றார். மூன்றாவது வாக்கியம். பிறகு போனை எடுத்தார். மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. உள்ளே போய், பீரோ இடுக்கில் ஒளித்து வைத்திருந்த பேட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"மாப்ள, இது டூப்புங்க. உங்களுக்குன்னுதான் வாங்கினேன்" என்று ஆரம்பித்து, துண்டு கட்டிய ஆட்டக்காரர், மரத்தின் இயல்பு, சரஸ்வதி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"மாமா, என்கிட்ட இந்த மாதிரி எத்தன இருக்கோ! தயவுசெஞ்சு குங்குமத்த எடுத்துக்கினு எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

பிறகு ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டார். "ஒரிஜினலா இருந்தா கண்ணாடிப் பெட்டில வெச்சிப் பாத்துனே இருக்கணும். இதுல ஆடலாம் இல்ல? வாங்க."

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெடிக் குப்பைக்கு நடுவே தெருவில் நின்றேன். எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிதான் ஸ்டம்ப். மாப்பிள்ளை செங்கல் துண்டால் ஒரு கோடு கிழித்து, அங்கிருந்து மெதுவாகத்தான் பந்து போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு பேட்டை வீசினேன். பந்து நாற்காலியில் பட்டு, நாற்காலி மல்லாந்தது.

"நோ பால் மாமா, நோ பால்! அவுட் இல்ல!" என்று கத்தினார்.

அவருடைய கால் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. நான் எதையும் சோதிக்கப் போகவில்லை. நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் பேட்டைப் பிடித்தேன்.