எழுதிக் கொடுக்காத கேள்வி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். எல்லாம் நாடக மேடையில் நின்று சம்பாதித்த சோறு. கதாநாயகி வேஷத்துக்கு, அதாவது ஸ்திரீபார்ட்டுக்கு, ஆள் வேண்டுமென்றால் திண்டுக்கல் பக்கம் முதலில் என்னைத்தான் கேட்பார்கள், நான் இல்லையென்றால்தான் அடுத்த ஆள். பெருமைக்குச் சொல்கிறேன் என்பீர்கள். பெருமைதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், அதனால் மெதுவாகத்தான் வரும்.

இப்போது என் கடைசி மகள் ஸ்திரீபார்ட். திருவிழா மாதங்களில் அவள் வீடு தங்குவதே இல்லை, பேத்தி என்னோடுதான் இருப்பாள். அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. இங்குள்ள கலைஞர்களை அரசு செலவில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அந்த நாட்டுக் கலைஞர்கள் இங்கே வருவார்கள். மூன்று மாதம் பிரான்சில், அங்குள்ள நாடகக்காரர்களோடு மேடை ஏறவேண்டும். என் மகளும், ராஜா வேஷம் கட்டும் செம்பட்டி ராஜபார்ட்டும், வடமதுரை ஆர்மோனியக்காரரும் சேர்ந்து எழுதிப் போட்டார்கள். போய்வர அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். எழுதிப் போட்ட அன்றைக்கு அவள் பாடுவதை நிறுத்தவே இல்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சர்க்கரைப் புண் வந்தது. இடது காலில், குதிகாலுக்கு மேலே. காலையில் மகள்தான் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவாள். திருப்பூரிலிருந்து மூத்தவன் போன் போட்டு, நீ போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது என்று அவளைக் கேட்டான். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். போகிறாயா என்று நானும் அவளைக் கேட்கவில்லை. கட்டுப் போடும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவாள். கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருவரும் கேள்வியும் பதிலுமாக மோதும் தர்க்கத்தில் அவர் என்ன கேட்பார் என்று இவளுக்குத் தெரியாது, இவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியாது. சனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பது அதற்குத்தான். அரசாங்கத்தில் அரை மணி நேரத்துக்குள் முடியவேண்டும், வசனத்தை முன்னாடியே எழுதித் தரவேண்டும் என்றார்கள். பிரான்சுக்காரர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லவேண்டுமே, கேட்டது நியாயந்தான்.

ஆகையால் மூவரும் எழுதிக் கொடுத்துவிட்டு, பேகம்பூருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பழகினார்கள். நான் கட்டிலில் கிடந்து கேட்டேன். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. போகப் போக உப்புக் குறைந்துகொண்டே வந்தது.

ஆள் எடுப்பது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். வேண்டாம் என்றார்கள், ஆட்டோ பிடித்து நானும் போனேன். முன்வரிசையில் அதிகாரிகள், நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. எங்கள் முறைக்கு முன்னால் ராஜபார்ட் என் பக்கத்தில் வெற்றிலை போட உட்கார்ந்தார்.

"தம்பி, எழுதினத அப்படியே கேட்டியன்னா எம்மக மேடையில செத்துப்போவா. அவளுக்குத் தெரியாதத ஒண்ணு கேளு" என்றேன்.

"எழுதிக் குடுத்துட்டோமேக்கா. தள்ளிவிட்டுட்டா?"

"மேடையில நிக்கிறவன் நீயி. எனக்கென்ன."

காட்டுக்கு வந்த ராஜாவும் அங்கே தண்ணீர் எடுக்கும் பெண்ணும் பேசும் தர்க்கம். அவர் கேட்டார், இவள் சொன்னாள், எல்லாம் பழகியபடி. பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்போது ராஜபார்ட் ஓரடி முன்னால் வந்தார்.

"கடல் தாண்டிப் போறேங்கிறயே பொண்ணே, ஒங்காத்தா கால்ல புண்ணோட கெடக்காளாமே. அவளுக்கு மருந்து கட்டுறது யாரு?"

இதைக் கேட்பார் என்று நான் நினைக்கவேயில்லை. ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். மகள் என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். நான் கட்டுப் போட்ட காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ராசா, எங்காத்தாளுக்குக் கால்லதான் புண்ணு, வாயில இல்ல. மருந்து கட்டணுமின்னா தெருவையே கூப்புட்டு நிப்பாட்டுவா."

மண்டபமே சிரித்தது. கண்ணாடி அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மகள் குரலை இறக்கினாள்.

"நான் கைப்புள்ளையா இருக்கையில என்னையப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுத்தான் நாடகத்துக்குப் போனா. வாரேன்னு சொல்லிட்டுப் போனா, வந்தா. அவ போன மாதிரி நானும் போவேன். அவ வந்த மாதிரி நானும் வருவேன்."

முடிந்ததும் கண்ணாடி அம்மா தாளைப் புரட்டினாள். எழுதித் தந்ததில் இது இல்லையே, அங்கே போய் இதை இப்படியே செய்வீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் சொல்கிறேன்.

"மாட்டேன் மேடம். அங்க அண்ணன் வேற கேப்பாரு, நான் வேற சொல்லுவேன்" என்றாள் மகள்.

பிறகு தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் தண்ணீர் கொண்டுவரும் முன்னே நானே கட்டை அவிழ்த்தேன். குனிய முடியவில்லை, காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டேன். அவள் நிலைப்படியில் நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை. கட்டு கோணலாக விழுந்தது.

"நாளைக்கு நேரா வரும்" என்றேன்.

தகவல் வருவதற்குள் கட்டு நேராகிவிட்டது. மூன்று பேரும் போகலாம், மேடையில் பேசுவதை அங்கேயே உடனுக்குடன் அவர்கள் பாஷையில் சொல்ல ஓர் ஆளைப் போடுகிறோம் என்று போனில் சொன்னார்கள். கிளம்புகிற நாளில், போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வாசலில் நின்று, "வாரேம்மா" என்றாள்.

இன்னும் வரவில்லை, நாள் இருக்கிறது. அவள் மகள் என்னோடுதான் இருக்கிறாள். மருந்து நான் வைக்கிறேன், முடிச்சு மட்டும் அவள் போடுகிறாள். இப்போதும் முடிச்சுப் போட்டுவிட்டு, என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்க்கிறாள்.

ஏத்தா, இந்தா, இத முதல்லருந்து வாசிச்சுக் காட்டு. ஒங்கம்மா பதில் சொல்ற எடத்துல மட்டும் வெரசாப் போயிராத.