கைப்பையில் வந்த கட்டி

இடது மார்பிலிருந்த கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, இனி ஆற அமர அழலாம் என்றிருந்தபோது டொக்டர் இரண்டு பரிசோதனைகளைப் பற்றிச் சொன்னார். கொட்டகலையில் பதினேழு வருடங்களாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். சரியான விடையைத் தெரிவு செய்யச் சொன்னால் இப்படி வியர்க்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அறுத்த கட்டியின் மரபணுக்களை வெளிநாட்டில் சோதித்தால் பரீட்சை மார்க் போல ஒரு புள்ளி வரும். புள்ளி குறைவு என்றால் கீமோ வேண்டாம், மாத்திரை போதும். மற்றது இரத்தப் பரிசோதனை. நோய் பரம்பரையாக வந்ததா என்று அது காட்டும்.

ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு முதலாவது விளங்கவேயில்லை.

"அதுதான் வெட்டி எடுத்தாச்சே. அதுக்கிட்ட இனி என்னா கேக்குறது?"

நான் அதைச் சிங்களத்தில் கொஞ்சம் மரியாதையாக்கி டொக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கட்டி இன்னும் பதில் சொல்லும் என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் கணவர் விரல் விட்டுச் செலவைக் கணக்குப் பார்த்தார். இறங்கும்போது, "செஞ்சிருவோம். ஒன் முடி கொட்டிச்சின்னா என்னால பாக்க முடியாது" என்றார். அவர் தலையில் பத்து வருடமாக ஒன்றும் இல்லை. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் போடும் என் நகைகள் அந்தச் செலவுக்குப் போயின.

கட்டியை ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும் என்று நினைத்திருந்தேன். நாம்தான் கொண்டுபோய்க் கொழும்பில் கொடுக்க வேண்டுமாம். மெழுகில் பதித்து, தீப்பெட்டியை விடச் சின்னதான பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துத் தந்தார்கள். நுவரெலியாவிலிருந்து கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தது என் மாணவி ஒருத்தியின் அம்மா.

"என்னாங்க டீச்சர், பைய இப்புடிக் கட்டிப் புடிச்சிருக்கீங்க? தங்கமா?"

"என் மாருல கொஞ்சங்க."

"நீங்க எப்பவும் பகிடிதான் டீச்சர்" என்று அவர் தலவாக்கலை வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்றிரவு அது அலுமாரியில், நகைகள் இருந்த பெட்டிக்குள் கிடந்தது. மறுநாள் ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. பதினொன்று.

"நூத்துக்கா?" என்று கேட்டார் கணவர்.

"நூத்துக்குத்தான்."

என் வகுப்பில் யாராவது பதினொன்று எடுத்தால் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். டொக்டர் எனக்குக் கைகொடுத்து, கீமோ வேண்டாம் என்றார். கணவர் அவருடைய மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

இரத்தப் பரிசோதனை பாக்கியிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று டொக்டர் கேட்டார். கந்தப்பளையில் இருக்கும் அக்காவுக்குப் போன் பண்ணினேன். நம் வீட்டில் யாருக்கும் அப்படியொன்றும் இல்லையே என்று கேட்டதும் அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"பெரியம்மா செத்தது நெஞ்சு நோவுல இல்லடி" என்றாள் திரும்பி வந்து. "மாருல கட்டி. சொல்ல வெக்கமாம். அம்மா என்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. மார்பு என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூசி ஒரு சாவையே மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இரத்தம் கொடுத்தேன். தெரிந்த கோளாறு எதுவும் அதில் அகப்படவில்லை. ஆனாலும் அக்காவும் மார்பைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார் டொக்டர். "நான் ஏண்டி யாருகிட்டயோ தொறந்து காட்டணும்?" என்று ஒரு வாரம் சண்டை பிடித்தாள். பிறகு என்னோடு கிளினிக்குக்கு வந்தாள். வெளியே வந்ததும், "ஒன்னுமில்லையாம். அந்த நர்சுக்குத்தான் கையெல்லாம் ஐஸு" என்றாள்.

இப்போது தினமும் ஒரு மாத்திரை. அதனால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. மற்ற டீச்சர்மார் ஸ்வெட்டரும் ஷோலுமாக நடுங்கும்போது நான் ஓய்வறை ஜன்னலைத் திறந்து பனிப்புகையை உள்ளே விடுகிறேன். இதுவரை யாரும் என்னைத் திட்டவில்லை. நோயாளியாக இருப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது.