அடிவயிறு மரத்திருந்த பகல்

ஏகாதசிக்கு முந்தின நாள் காலையில் கண்விழித்தபோது மின்விசிறி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. தலைவலி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. எட்டாம் மாதத்தில் கால் வீங்கும், தலை கனக்கும், எல்லோருக்கும் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் வீட்டிலிருந்த கருவியில் பிரஷர் பார்த்தார். பட்டையை அவிழ்த்து, திரும்பக் கட்டி, மறுபடியும் பார்த்தார். பிறகு என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தார்.

ஸ்ரீரங்கத்தில் அன்று எங்கள் தெருவுக்குள் வண்டி வர வழியில்லை. ஏகாதசிக் கூட்டத்துக்காகத் தடுப்புக் கட்டியிருந்தார்கள். கோவிலை நோக்கி ஊரே வந்துகொண்டிருக்க, நாங்கள் எதிர்த்திசையில் நடந்தோம். வயிற்றைப் பார்த்து வழிவிட்டவர்களும் உண்டு, பார்க்காமல் இடித்தவர்களும் உண்டு. பெரிய ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்து, ஆற்றைத் தாண்டி திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

உடனே ஆபரேஷன் என்றார்கள். கர்ப்பத்தில் வரும் இரத்த அழுத்தம் முற்றிப்போயிருந்தது. மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். என் தலைமாட்டில் குனிந்து நின்று, அவசரத்திலும் நிதானமாகச் சொன்னார்.

"பொதுவா முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரக்க வெச்சிடுவோம். உங்களுக்கு ரத்தம் உறைய வைக்கிற அணுக்கள் ரொம்பக் குறைஞ்சிருக்கு. முதுகுல குத்தினா உள்ள ரத்தம் கசியலாம். அதனால முழு மயக்கம்தான் குடுக்கப் போறேன்."

"அப்ப குழந்தை அழுறது எனக்குக் கேக்காதா?"

"கேக்காதும்மா" என்றார்.

முகத்தில் வைத்த மூடியின் ரப்பர் வாசனை மட்டும் நினைவிருக்கிறது. அடுத்தது வலி. நடுவில் ஒன்றுமே இல்லை. என் மகள் பிறந்த நேரம் என் வாழ்க்கையில் வெட்டி எடுக்கப்பட்ட துண்டாகத்தான் இன்னும் இருக்கிறது.

கண் திறப்பதற்கு முன்பே வலி வந்துவிட்டது. அடிவயிற்றில் குறுக்காக யாரோ சூடான கம்பியை வைத்து, அதன்மேல் ஏறி நிற்பதுபோல் இருந்தது. மூச்சை இழுத்தால் வலித்தது. இருமல் வந்துவிடுமோ என்று பயந்து எச்சில் விழுங்குவதைக்கூடத் தள்ளிப்போட்டேன். அம்மா எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு" என்றாள். "மேல் மாடியில வெச்சிருக்காங்க. எடை கம்மியாம். மூச்சுக்கு உதவி வேணுமாம்."

"நீ பாத்தியா?"

"என்னை விடலை. மாப்பிள்ளைதான் பாத்தாரு."

கணவர் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே குழாய்களும் பிளாஸ்திரிகளும். அவற்றுக்கு நடுவில் சுருங்கிய, சிவந்த ஒரு கை. முகம் தெரியவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் மங்கிப்போனது.

வலிப்பு வராமலிருக்க ஒரு மருந்து கையில் ஏறிக்கொண்டிருந்ததால் அன்று என்னைக் கட்டிலைவிட்டு இறக்க மாட்டார்கள். மறுநாள் அது முடிந்ததும் சக்கர நாற்காலியில் மேலே போகலாம் என்றார்கள். எழுந்து உட்கார முடிந்தால்.

முடியவில்லை. மறுநாள் மருந்து முடிந்ததும் எழுப்பப் பார்த்தார்கள். நர்ஸ் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பக்கவாட்டில் திரும்பச் சொன்னார்கள், திரும்பினேன். காலைத் தொங்கவிடச் சொன்னார்கள். பாதிகூட எழவில்லை, தையல் அத்தனையும் பிரிந்துவிட்டது என்றே நினைத்தேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையது மாதிரியே இல்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணின் வீட்டார் திரைக்கு அந்தப்பக்கம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மறுபடி முயன்றோம். மறுபடியும் படுக்க வைத்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் போடும் வலி ஊசி எனக்கு ஆகாது; இரத்தம் கசியும், சிறுநீரகமும் சோர்ந்திருந்தது. வேறொன்று போட்டார்கள். அதில் குமட்டல் வந்தது. வாந்தி எடுக்கும்போது வயிறு குலுங்கி வலி இரண்டு மடங்கானது. கணவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாடியில் என் குழந்தை. இடையில் ஒரு கூரைதான். மனிதர்கள் சாதாரணமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த அம்மாள்கூட, "மேல ஐசியூ வரைக்கும் போயிட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வந்தது. அழவும் பயமாக இருந்தது. அழுதாலும் வயிறுதான் குலுங்கும்.

அப்போதுதான் அம்மா, என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உன்னையும் அறுத்துத்தான் எடுத்தாங்க. எனக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு அன்னிக்கு யாருமே கேக்கலை. நானும் சொல்லலை."

அவள் இதைச் சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை. அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது மயக்க மருந்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் என் வயிற்றை லேசாகத் தொட்டுப் பார்த்தார். "வயித்துச் சுவருக்கு வர்ற நரம்புங்க ரெண்டு பக்கமும் தசை அடுக்குக்கு நடுவுல ஓடுது. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே அங்க மருந்து விட்டா தையல் வலி அடங்கும். முதுகுல குத்துற ஆபத்து இதுல இல்லை. போடட்டுமா?"

"குழந்தையைப் பாக்கப் போக முடியுமா?"

"அதுக்குத்தான் போடறேன்."

"பாலுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அம்மா கேட்டாள்.

"ஆகாதுங்க."

ஸ்கேன் கருவியைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் குளிர்ந்த பசையைத் தடவினார். திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. இதுதான் என் உடம்பு என்றார்கள். ஊசி நுழைந்தபோது அழுத்தம் மட்டும் தெரிந்தது. மருந்து விட விட, இரண்டு பட்டைகளுக்கு நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி கண்ணின் வடிவத்தில் திறந்தது. பிறகு அடுத்த பக்கம்.

"உடனே தெரியாது. கொஞ்ச நேரம் பொறுங்க" என்றார் டாக்டர். "இன்னொண்ணும் சொல்லிடறேன். இது தையல் வலிக்குத்தான். கர்ப்பப்பை சுருங்குற வலி உள்ளுக்குள்ள இருக்கும். அதை இது தொடாது. நாளைக்குக் காலையில இதுவும் விட்டுடும்."

அடிவயிற்றுக் கம்பியின்மேல் ஏறி நின்றவர் ஒரு காலை எடுத்தார். சற்றுக் கழித்து மற்றதையும் எடுத்தார். இடதுபக்கம் முழுவதும் மரத்துவிட்டது. வலதுபக்கம் ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தொட்டுப் பார்த்தேன், வேறு யாருடைய வயிற்றையோ துணிக்கு மேலே தொடுவதுபோல் இருந்தது. இரண்டு பேர் பிடிக்க, எழுந்து உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முதுகு முழுக்க வியர்த்திருந்தது தெரிந்தது.

மேலே கையைக் கழுவி, அங்கி மாட்டி, என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார் கணவர். வரிசையாகப் பெட்டிகள். எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அவர் ஒரு பெட்டிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினார்.

அவள் இருந்தாள். மூக்கில் குழாய், நெற்றிக்கு மேலே ஏறியிருந்த ஒரு குட்டித் தொப்பி. நெற்றி என் கணவருடையது. பெட்டியின் ஓட்டை வழியே கையைவிட்டு உள்ளங்கையை அவள் முதுகின்மேல் வைத்தேன். தடவாதீர்கள், அசையாமல் வைத்திருந்தாலே போதும் என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லியிருந்தார். அவள் மூச்சு என் கைக்குள் வேகமாக ஏறி இறங்கியது.

பிறகு நர்ஸ் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும் என்றார். குதிகாலைப் பிடித்து ஊசியால் குத்தினார். என் மகளின் முகம் கசங்கியது. வாய் அகலத் திறந்தது. சத்தம் வரவேயில்லை, வந்திருந்தாலும் அந்த இயந்திரங்களின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. கால் உதைத்துக்கொண்டது. நான் அங்கேயே இருந்தேன். எனக்கு வலிக்கவில்லை. அடிவயிறு மரத்துப்போய், நிமிர்ந்து, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு அவளுக்கு வலிப்பதைப் பார்த்தேன்.

"இவளுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டீங்களா?" என்றேன்.

"இவ்வளவு சின்ன உடம்புக்கு எல்லாத்தையும் குடுக்க முடியாதும்மா. அம்மா பால் ரெண்டு சொட்டு நாக்குல வெச்சா அடங்கிடுவாங்க. உங்களுக்கு வருதா?"

எனக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் கேட்கவுமில்லை. திரைக்குப் பின்னால் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அழுத்திப் பார்த்தேன். டாக்டர் சொன்ன அந்த இன்னொரு வலி உடனே வந்தது. கர்ப்பப்பை முறுக்கிப் பிழிந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். நெடுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு மஞ்சளாகக் கொஞ்சம், ஒரு சிறு கரண்டியின் அடியை நனைக்கும் அளவுக்கு.

நர்ஸ் அதைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு அவள் நாக்கில் வைத்தார். உதடு அசைந்தது. முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அடுத்த குத்தலுக்கு முன்னாலும் வைப்போம் என்றார் நர்ஸ். அடுத்த குத்தல் எப்போது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை, டாக்டர் சொன்னதுபோலவே, வலி திரும்பி வந்தது. ஆனால் முதல் நாளின் வெறி அதில் இல்லை. மாத்திரையும் தலையணையும் வைத்துக்கொண்டு சமாளித்தேன். சில நாட்களில் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கார் காவிரிப் பாலத்தில் ஏறியபோது அம்மா என் மடியில் ஒரு துண்டை மடித்து வைத்தாள், வேகத்தடையில் வயிற்றை அழுத்திக்கொள்ள. தெருவில் தடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பூக்காரம்மா எட்டிப் பார்த்து, "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டார். என் கணவர்தான் பதில் சொன்னார்.

அதன்பிறகு தினமும் பாலைப் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தனுப்பினேன். உடம்பு தேறியதும் நானே டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். நல்ல செய்தி ஒரு நாள், தூக்கத்தில் சற்று நேரம் மூச்சுவிட மறந்துவிட்டாள் என்ற செய்தி மறுநாள். என்னால் ஆனது பாலும் உள்ளங்கையும்தான். பொங்கல் கழிந்து சில வாரங்கள் ஆன பிறகு அவளைக் கையில் கொடுத்தார்கள். கதகதப்பாக இருந்தாள். வீட்டுக்கு வந்த அன்று முழுக்க அழுதாள், சத்தமாக. அம்மா தூக்கி அடக்க வந்தாள். நான் கொஞ்ச நேரம் அழ விடச் சொன்னேன்.