அரபியில் கதைத்த மெசின்

சுமித்திரா குவைத்துக்குப் போன நான்காவது வருடம், விசுவமடுவில் இருந்த அவளுடைய வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பால்மா, சவர்க்காரம், மகள் தேனுகாவுக்கு உடுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றி, கறுப்பாய் வட்டமாய் ஒன்று. தானாக ஓடித் தரையைக் கூட்டுகிற மெசின். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரி புதிது வாங்கியதும் பழையதை இவளிடம் கொடுத்திருந்தாள்.

கணவன் விஜிதரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வயல்காரன். தகப்பன் வீரையா மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர். விஜிதரன் பிறந்தது இங்கேதான். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது அவர்களுடைய வீட்டில் நின்ற சுவரைவிட விழுந்த சுவரே அதிகம். பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. தரை மட்டும் மண்ணாகவே கிடந்தது. "ரெண்டு வருசம் போட்டு வாறன், தரையைச் செய்து முடிச்சிடலாம்" என்று போனவள்தான் சுமித்திரா. தரை முடிந்தது. பிறகு கிணறு வந்தது, மகளின் படிப்பு வந்தது. அவள் வரவில்லை.

தேனுகா மெசினுக்குக் கரண்ட் ஏற்றி, பொத்தானை அமத்தினாள். அது ஒரு பெண்குரலில் ஏதோ சொல்லிவிட்டு ஓடத் தொடங்கியது.

"என்ன சொல்லுது?"

"அரபியப்பா. எனக்கெங்க விளங்கும்?"

ஒரு அளவுக்கு நன்றாகத்தான் கூட்டியது. ஒழுங்கையில் டிராக்டர் போனால் வந்து படிகிற கிரவல் புழுதியை, தும்புத்தடி கலைத்து மட்டுமே விடுகிற மாப்போன்ற தூசியை, இரைந்தபடி உள்ளே இழுத்துக்கொண்டது. மூலைகள் அப்படியே கிடந்தன. சமையலுக்கென்றிருந்த குசினியின் நிலைப்படியில் முட்டி நின்றது. பாய் விரித்திருந்தால் ஓரத்தைக் கவ்விக்கொண்டு சுழன்றது. நெல் மூட்டைகள் வீட்டுக்குள் வந்த நாட்களில் அதன் சின்னப் பெட்டி ஒரு அறைக்கே நிறைந்துவிட்டது.

ஆனால் கட்டிலுக்கு அடியில், சுமித்திரா விட்டுப்போன பழைய உடுப்பு மூட்டையை உரசிக்கொண்டு, அது சுவர்வரை போய் வந்தது. முதல் நாள் அப்படிப் போய் வந்தபோது அதன் தூரிகையில் முடி சுற்றியிருந்தது. தேனுகாவுக்குத் தோளளவு முடி. இது அதைவிட நீளம்; சுமித்திராவுடையது. விஜிதரன் முற்றத்தில் குந்தியிருந்து, அறுந்துவிடாமல் நகத்தால் மெல்ல மெல்ல எடுத்தான். எறிய மனம் வரவில்லை. மகள் பார்க்காத நேரம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அன்று பின்னேரம் மெசின் நடு அறையில் நின்று, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது. விஜிதரன் அதன் குரலைப் போனில் பதிந்து சுமித்திராவுக்கு அனுப்பினான். சமையல் முடித்துவிட்டு அவளே போன் எடுத்தாள்.

"பெட்டி நிறைஞ்சிட்டுதாம். கொட்டச் சொல்லுது."

"உவ்வளவுதானோ? நான் ஏதோ ஏசுது எண்டு நினைச்சன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. முதல் வருடம் மணிக்கணக்காய்க் கதைத்தவர்கள். போகப் போகக் கதை வற்றியது. சாப்பிட்டீங்களோ, ஓம். மழையோ, இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்கும்.

இப்போது கதைக்க ஒரு விசயம் இருந்தது. சில்லு சிக்கினால் அவளுக்குப் போன் எடுத்தான். "பத்தாரியா எண்டு என்னவோ சொல்லுது" என்று கேட்டான். "பற்றரி முடியுதாம்" என்றாள் அவள். சில நாள், கதிரைக் கால்களுக்கு நடுவே அது போய் மாட்டும் என்று தெரிந்தும் கதிரையை நகர்த்தாமல் விட்டான்.

ஏ.எல். படிக்கிற தேனுகா இதைக் கவனிக்கவில்லை. தகப்பன் படும் பாட்டைத்தான் கண்டாள். ஒரு சனிக்கிழமை தன்னுடைய போனில் எதையோ தேடி, மெசினின் பாஷையை மாற்றிவிட்டாள்.

"இங்கிலிஷுக்கு மாத்திட்டன் அப்பா. இனி அது சொல்லுறது எனக்கு விளங்கும். அம்மாவைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை."

"நல்லது பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவன் வயலுக்குப் போனான்.

அதற்குப் பிறகு மெசின் நின்றால் தேனுகா வந்து சரிசெய்தாள். விஜிதரன் போனை எடுப்பான், வைப்பான். சும்மா எடுத்து என்ன சொல்வது? ஒரு வாரம் கழிந்து, வழமையில்லாத நேரத்தில் சுமித்திராவே போன் எடுத்தாள்.

"மெசின் பழுதோ? ஒரு சத்தத்தையும் காணேல்லை."

"இல்லை. நல்லாத்தான் ஓடுது. பிள்ளை இங்கிலிஷுக்கு மாத்திட்டாள்."

"அப்ப இனி நான் தேவையில்லை, என்ன?"

பகிடியாகத்தான் கேட்டாள். குரல் பகிடியாக இல்லை. விஜிதரன் வரம்பில் நின்றிருந்தான்.

"சுமி, நீ வந்திடு."

மறுமுனையில் அவள் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"இத்தினை வருசத்தில ஒருநாளும் நீங்கள் இப்பிடிச் சொல்லேல்லை" என்றாள் பிறகு. "நான் இல்லாமல் உங்களுக்குப் பழகிட்டுது எண்டெல்லோ நினைச்சன். மேடம் இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லி மறிக்கிறா. ஓம் எண்டு சொல்ல இருந்தனான்."

"சொல்லாத."

ஆவணியில் அவள் வந்தாள். கொழும்பு பஸ்ஸால் இறங்கியவளைப் பார்த்ததும், எதற்கென்று தெரியாமல் அவன் அவள் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றித் தூக்கினான். வீட்டில் மெசின் ஓடியது; மூலைகளை அவள் தும்புத்தடியால் கூட்டினாள். வீடு அப்படித் துப்புரவாக இருந்ததேயில்லை.

ஒரு மாலை அவள் வாசல்படியில் தனியே இருந்தாள். விஜிதரன் பக்கத்தில் போய் இருந்தான்.

"என்ன யோசினை?"

"அங்க ஒரு சின்னவன். பிறந்த நாளிலயிருந்து நான்தான் தூக்கினது. என்ர கையிலதான் நித்திரை கொள்ளுவான். நான் வெளிக்கிடுறது தெரியக்கூடாதெண்டு அவனை வேற அறையில வச்சிருந்தவை." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அங்க இருக்கேக்க உங்களையும் பிள்ளையையும் நினைச்சன். இஞ்ச வந்து அவனை நினைக்கிறன். எனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ தெரியேல்லை."

அந்த வீட்டில் ஒரு குழந்தை இருந்ததே விஜிதரனுக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை, அவன் கேட்டதுமில்லை.

"அவன்ர பேர் என்ன?"

"யூசுப்."

"எப்பிடி இருப்பான்? சொல்லு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். தேனுகா வந்து சாப்பிடக் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.