நொண்டி நடந்த வருஷங்கள்

எண்பதுகளின் நடுவில் என் இடுப்பு என்னைக் கைவிட்டது. மலேசியாவில், பீடோங்குக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் மேட்டுக்காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோளில் பால் வாளி சுமந்து சரிவில் இறங்கியவள் நான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டால், நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பும் லேசான வேலை கிடைத்தது. அது போய்விட்டால் மறுபடியும் மேட்டுக்காடு, அப்புறம் படுத்த படுக்கை. எனக்கு இருந்த பயமெல்லாம் அதுதான்.

டிரசரே என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு மிஸ்ஸி இருந்தாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அக்கா, உங்க எலும்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா வலி பொய்யில்ல. நரம்பு பயந்துபோய் இன்னும் கத்திக்கிட்டே இருக்கு. நீங்களும் சேர்ந்து பயப்படாதீங்க. நிமிர்ந்து நடங்க," என்றாள்.

பிறகு கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். வலியை விரட்டாமல், எங்கே இருக்கிறது, சுடுகிறதா, இழுக்கிறதா என்று சும்மா பார்க்க வேண்டுமாம். வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் மூன்றாவது வாரம், வீட்டில் பாயில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலி கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. போய்விடவில்லை. என்றாலும் சந்தோஷத்தில் அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில், கணக்கு எழுதுகிற கிராணி "இடுப்பு எப்படிம்மா?" என்று கேட்டார்.

"எலும்பெல்லாம் நல்லா இருக்காம்யா. நரம்புதான் பயப்படுதாம். நிமிர்ந்து நடக்கச் சொன்னாங்க," என்றேன், நிமிர்ந்து நின்றபடியே.

"அப்ப பாகுஸ்லா, நல்லதாப் போச்சு. நாளையிலேர்ந்து மேட்டுக்காட்டுக்குப் போயிரு."

வலி பொய்யில்லை என்ற மீதிப் பாதியைச் சொல்வதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. டிரசர் மறுபடியும் சீட்டு எழுதினார், மறுபடியும் நாற்றங்கால்.

"நிமிர்ந்து நடந்தா எவன்டி நம்புவான்? நொண்டிக்கிட்டு வா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அன்று முதல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டுதான் பெரட்டுக்குப் போனேன். கிராணி பார்க்கிறாரோ இல்லையோ, நொண்டினேன். மிஸ்ஸி கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்க்கா இப்படிக் கோணிக்கிட்டு நடக்கறீங்க? இது வலியை இன்னும் வளர்க்கும்," என்றாள். கிராணிக்காக நொண்டுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவளிடம் போவதையே நிறுத்திவிட்டேன்.

நாலு வருஷம் கழித்துத் தோட்டம் கைமாறியது. நாங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். வந்த மறுநாள் கதவைச் சாத்திவிட்டு, மூச்சை இழுத்து விட்டு, நிமிர்ந்து நடந்து பார்த்தேன். நாலடிகூடப் போகவில்லை, இடுப்பு கோணிக்கொண்டது. பார்ப்பதற்கு அங்கே யாருமே இல்லை.