வில்லுக்குள் மல்பெரி

வில்லியனூரில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. ஐம்பது வயதில் எனக்குக் கொம்பு வில் செய்யும் ஆசை வந்தது. நடுவில் மெல்லிய மரச்சட்டம், உட்புறம் எருமைக் கொம்பு, வெளிப்புறம் மாட்டு நரம்பு. மூன்றையும் பசைதான் பிடித்திருக்கும். பாகூரில் மாடு வளர்க்கும் சிநேகிதர் கொம்பு கொடுத்தார். பசை காய்ச்ச மீனின் காற்றுப்பை வேண்டும். என் மனைவி கடலோரத்துப் பெண். தன் அண்ணனிடம் சொல்லி வரவழைத்தாள்.

மரம்தான் தகராறு செய்தது. முதலில் தேக்கு வாங்கினேன். எண்ணெய் ஊறிய மரம் அது. ஒட்டிய கொம்பு நான்காம் நாள் அட்டை மாதிரி உரிந்து வந்தது. அடுத்து வேம்பு. அதன் ரேகை நேராக ஓடவில்லை. இட்லிப்பானை ஆவியில் காட்டி வளைத்ததும் பிளந்தது. பானையை எனக்குத் தந்துவிட்டு உப்புமா கிண்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இதுவும் பூடுச்சா?"

"பூடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்டி மரம் வோணும் உங்களுக்கு?"

"பசைய குடிக்கணும். கணு இருக்கக் கூடாது. வளைச்சா தாங்கணும். மல்பெரின்னா நல்லாருக்கும்ன்றாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொல்லையில் நிற்கும் மல்பெரி அவள் வைத்தது, எங்கள் மகள் வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம். ஆடு ஓர் இலையைக் கடித்தாலும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள்.

மறுநாள் மதியம் சாப்பிட வந்தேன். மரத்தில் ஏணி சாத்தியிருந்தது. நேராக மேலே போன ஒரு கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள்.

"இத வெட்டிக்குங்க. கணுவே இல்ல. பழமும் இதுல கம்மிதான்."

பொய். அதில்தான் நிறையக் காய்க்கும். ஏணியில் ஏறி அந்தக் கிளையை வெட்டி இறக்கினேன்.

ரம்பம் ரேகையை அறுத்துவிடும் என்று ஆப்பு வைத்துப் பிளந்தேன். ஆறு மாதம் நிழலில் காய்ந்தது. ஆவியில் வளைத்தபோது அவள் மறுமுனையைத் துணியால் பிடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல் வளைந்துகொடுத்தது. பசையைக் குடித்து, கொம்போடு ஒன்றாகிப் போனது.

நரம்பு ஒட்டி, ஓராண்டு ஆறவிட்டோம். பிறகு கரையாம்புத்தூரில் அறுப்பு முடிந்த வயலில் நாணேற்றினோம். முதல் அம்பை அவளையே விடச் சொன்னேன். அது வரப்பைத் தாண்டி அடுத்த வயல் சேற்றில் எங்கேயோ விழுந்தது. இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தேடப் போனோம்.