ஏசி கெட்டுப்போயிருக்கட்டும்

என் கணவர் காருக்கு ஏசி ரிப்பேர் செய்தபோது எனக்கு ஒன்பதாவது மாதம். டெக்சஸில் ரவுண்ட் ராக், ஆகஸ்டு வெயில். மெக்கானிக்கிடம் கேட்டதற்குக் காரை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எங்களிடம் இருந்ததோ ஒரே கார். எந்த நேரம் வலி வருமோ என்று இருப்பவளை வீட்டில் வைத்துக்கொண்டு காரை எப்படி விட்டுவிட்டு வருவது என்றார் இவர். நியாயமான கேள்விதான். அதற்கு அவரே கண்டுபிடித்த பதிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "நானே பண்ணிடறேன்."

துணைக்கு ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்தார். இருவரும் கம்ப்யூட்டர் ஆட்கள். அதுவரை பானெட்டைத் திறந்து கண்ணாடி துடைக்கத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. ஒரு சனிக்கிழமை முழுக்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வெயிலில் நின்று, கேஸ் கசிந்துகொண்டிருந்த ரப்பர் ஹோஸைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். கடையில் விற்கும் கேன்களிலிருந்து கேஸை ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்னால், குழாய்க்குள் புகுந்த காற்றை ஒரு பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பம்ப் எங்களிடம் இல்லை. "காத்துதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்றார் நண்பர். இரண்டு இன்ஜினியரிங் டிகிரிகள் சேர்ந்து எடுத்த முடிவு அது.

ஏசி ஓடியது. அதுதான் கொடுமை, ஜில்லென்று ஓடியது. நிறைமாத வயிற்றோடு என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, காற்று வரும் வென்ட்டை என் முகத்துக்கு நேராகத் திருப்பி, "எப்படி?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

மகள் பிறந்த பிறகு நான் பின் சீட்டுக்கு மாறினேன், குழந்தை பக்கத்தில். எங்கள் காரில் பின்னால் வென்ட் கிடையாது. கிளம்பிக் கொஞ்ச தூரம் குளிராக இருக்கும். பிறகு காற்று மாறுவதுபோல் தோன்றும். "ஏங்க, ஏசி வரலைங்க" என்பேன். அவர் முன்னால் வென்ட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வருதேம்மா" என்பார். வீட்டுக்கு வந்து நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டுப் பார்த்தால் பனிக்கட்டி மாதிரி வரும். "பாத்தியா? ஆபீஸ்லயும் இதே கதைதான். கண்ணு முன்னாடி வராத கோளாறை எப்படி ஃபிக்ஸ் பண்றது?"

ஆனாலும் மனதுக்குள் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் ஃபியூஸை மாற்றினார். ஒரு நாள் விசிறியைத் துடைத்தார். இன்னொரு நாள் மேலும் ஒரு கேன் ஏற்றினார். எதைச் செய்தாலும் கொஞ்ச நேரம் குளிர்ந்தது. அதனால் எதைச் செய்தாலும் அதனால்தான் சரியாகிவிட்டது என்று நம்பினார்.

நானும் அடித்துப் பேச முடியாத நிலையில் இருந்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, வேர்த்துக் கொட்டும், அடுத்த நிமிடமே நடுங்கும். என் உடம்பு சொல்வதை என்னாலேயே நம்ப முடியவில்லை. துணைக்கு வர இருந்த அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஈரோட்டிலிருந்து போனிலேயே பத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கண்ணு, ஏசிக் காத்து பச்சை உடம்புக்கு ஆகாது. காதுல பஞ்சு வெச்சுக்கோ. புள்ளைக்குக் குல்லா போடாம வெளிய தூக்கிட்டுப் போயிராத." நூறு டிகிரி வெயிலில் நான் தலையில் ஸ்கார்ஃபும் காதில் பஞ்சுமாக உட்கார்ந்திருப்பேன். குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், மேலே ஒரு போர்வை. எல்லாம் எங்கள் காரின் ஏசிக்குப் பயந்து.

இரண்டாவது வாரம் குழந்தையை டாக்டரிடம் காட்டப் போனோம். வழியில் ரோடு வேலை. ஃப்ரீவேயில் கார்கள் ஊர்ந்தன. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்துப் போர்வையை எடுத்துவிட்டேன். ஸ்வெட்டரைக் கழற்ற சீட் பெல்ட் விடவில்லை. "சூடா இருக்குங்க" என்றேன். "நல்லா வந்துட்டுதான் இருக்கு, உனக்கு எப்பவுமே சூடாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சண்டை போட்டுக்கொண்டேதான் உள்ளே போனோம்.

நர்ஸ் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டே டெம்பரேச்சர் பார்த்தாள். பார்த்ததும் கொஞ்சுவது நின்றது. நூறு புள்ளி எட்டு. உடனே டாக்டர் வந்தார், வயதான அமெரிக்கப் பெண்மணி. ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் பொறுத்திருந்து பார்ப்பதில்லை என்றார். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், மூளைக் காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்ய முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். பிறகு அவர் குழந்தையின் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வரும்போது கார் சூடாக இருந்ததா என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன் நான். "இல்லை" என்றார் இவர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, துணியெல்லாம் கழற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று போனார். குழந்தை டயப்பரோடு என் மடியில் கிடந்தது. அதுவரை அந்த ஏசி சரியானால் போதும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் உட்கார்ந்து, கடவுளே, அது கெட்டுப்போயிருக்கட்டும் என்று வேண்டினேன். கெட்டிருந்தால் என் மகளுக்கு வெறும் சூடு. சரியாக இருந்தால் காய்ச்சல். அவருக்கும் அதேதான் ஓடியிருக்கும். "நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஜில்லுனு வருதும்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். நல்லாத்தான் ஓடுது." ரிப்பேர் செய்தவர் தன் வேலை சரியாக இருப்பதைச் சொல்லிக் கண்கலங்கினார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

மறுபடி பார்த்தபோது நூறு புள்ளி மூன்று. இறங்கியிருக்கிறது, ஆனால் எனக்கு நிம்மதி வரும் அளவுக்கு இறங்கவில்லை என்றார் டாக்டர். ஆஸ்டினில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு எங்களை உடனே போகச் சொன்னார்.

மறுபடியும் அதே கார், அதே ஃப்ரீவே. குழந்தை டயப்பரோடு. வென்ட்டிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருந்தது. அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையை வென்ட்டின் மேலேயே வைத்திருந்தார். பாதி தூரம் போயிருப்போம். கையை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஏய், கையை நீட்டு. இங்க. இங்க வை."

சீட்டுகளுக்கு நடுவே குனிந்து கையை நீட்டினேன். அனல்.

"சூடா வருது!" என்று கத்தினார்.

"ஆமாங்க! சூடா வருதுங்க!"

கல்யாணமாகி அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் ஒன்றாகக் கத்தியதில்லை. ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டார். வெளிக்காற்றும் அனல்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்து லேனில் வந்த லாரிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரிடம் இவர் மூச்சுவிடாமல் சொன்னார். ஹோஸ் மாற்றியது, கேன் ஏற்றியது, பம்ப் வைக்காமல் விட்டது, கொஞ்ச தூரம் போனால்தான் ஏசி நிற்கிறது என்பது. நான் தப்பாகச் செய்துவிட்டேன், என் தப்புதான், வெறும் சூடுதான் என்று அந்த மனிதர் கெஞ்சியதை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. டாக்டர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் காரை நம்பி என்னால் முடிவெடுக்க முடியாது என்றார். குழந்தையை வாங்கிக்கொண்டு போனார்கள். பெற்றவர்கள் வெளியே இருங்கள் என்று கதவைச் சாத்தினார்கள்.

மகளுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். பம்ப் வைத்து எடுக்காததால் காற்றோடு குழாய்க்குள் தங்கிவிட்ட ஈரம் ஓட ஓடப் பனியாக உறைந்து வழியை அடைக்கும், நிறுத்தினால் உருகிவிடும் என்று பிறகு ஒரு மெக்கானிக் விளக்கினார். அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அப்படி ஒரு அழுகை அவளிடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. என் கணவர் சுவரைப் பார்த்தபடி உள்ளங்கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார்.

"சூடாத்தானே வந்துச்சு?" என்று கேட்டார்.

"சூடாத்தாங்க வந்துச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.